ஒரு மனு, மூன்று கோரிக்கைகள்: சொந்த மண்ணின் போர்களைப் பாடமாக்கக் கேட்ட நியூசிலாந்து மாணவர்கள் (நிகழ்வு ஆய்வு)

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஓட்டோரொஹாங்கா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பள்ளியின் மாணவர்கள் 2015-ல் தங்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் மண்ணில் நடந்த போர்களுக்கு நினைவு நாள் வேண்டும், அவற்றைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நினைவு நாள் எட்டே மாதத்தில் கிடைத்தது. பாடம் வகுப்பறைக்குப் போய்ச் சேர ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. ஒரே மனுவில் இருந்த கோரிக்கைகளுக்கு இவ்வளவு வேறுபட்ட கதி ஏன் வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். மாணவர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களுமே நமக்கு வேண்டியவை.

பின்னணி: என்ன நடந்தது, என்ன கற்பிக்கப்பட்டது

1845 முதல் 1872 வரை நியூசிலாந்தின் பல வட்டாரங்களில் பிரிட்டிஷ் காலனி அரசின் படைகளுக்கும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கும் இடையே போர்கள் நடந்தன. அவற்றில் பெரியது வைக்காட்டோ போர். 1863 ஜூலை 12 அன்று அரசுப் படைத் தளபதி ஜெனரல் கேமரனின் படை மங்காடாஃபிரி ஓடையைக் கடந்து மாவோரி அரசரின் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்தது. நவம்பரில் ரங்கிரிரிக் கோட்டை வீழ்ந்தது. 1864 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை விடியலில் படை ரங்கியாவொஃபியா என்ற ஊருக்குள் புகுந்தது. கோதுமை வயல்களும் மாவு ஆலைகளும் பீச் பழத்தோட்டங்களுமாக ஆக்லாந்து நகருக்கே உணவு அனுப்பிய ஊர் அது. மாவோரி வீரர்கள் வேறிடத்தில் கோட்டை காத்துக்கொண்டிருக்க, ஊருக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஒரு வீட்டுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் அந்த வீடு எரிந்தபோது உள்ளேயே மாண்டார்கள். கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த முதியவரும் சுடப்பட்டார். இறந்தவர்கள் ஒரு டஜன் அளவில் என்கிறது அரசுப் பதிவு. மாவோரி வாய்மொழி வரலாறு சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம்.

ஐந்து வாரம் கழித்து, மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை, ஓராக்காவ் முற்றுகை நடந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட முந்நூறு பேர் அளவில் அரைகுறையாகக் கட்டி முடித்த கோட்டைக்குள் நின்று, தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையை எதிர்த்தார்கள். போர் முடிந்ததும் வைக்காட்டோவில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிமுதலானது. 1995-ல் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அரசின் மன்னிப்பையும் தாங்கிய அந்தச் சட்டத்தில் எலிசபெத் அரசி நேரில் வந்து கையெழுத்திட்டார்.

இவ்வளவும் ஆவணங்களில் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாணவர் இதில் ஒரு வரிகூடக் கேள்விப்படாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிட முடிந்தது. காரணம் நிர்வாக அமைப்பில் இருக்கிறது. 1989 சீர்திருத்தத்துக்குப் பிறகு நியூசிலாந்தில் ஒவ்வொரு பள்ளியையும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவே நடத்துகிறது. 2007-ல் வந்த தேசியப் பாடத்திட்டம் திறன்களையும் பொதுவான இலக்குகளையும் வகுத்துவிட்டு, எந்தப் பொருளைக் கற்பிப்பது என்பதைப் பள்ளியிடமே விட்டது. மேல் வகுப்புகளில் வரலாறு விருப்பப் பாடம். அங்கேயும் தலைப்பைத் தேர்வது ஆசிரியர்தான். இங்கிலாந்தின் டியூடர் அரசர்களைப் பல பள்ளிகள் நடத்தின. பக்கத்து ஊரில் நடந்த போரை நடத்தவில்லை. இதை யாரும் தடை செய்யவில்லை என்பது முக்கியம். செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஏப்ரல் 25, அதாவது போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள், பொது விடுமுறை. 1915-ல் துருக்கியின் கலிப்போலியில் இறந்த நியூசிலாந்து வீரர்களைக் குழந்தைகள்கூட அறிவார்கள். மனு உருவான 2014, 2015 ஆண்டுகளில் முதல் உலகப் போரின் நூற்றாண்டு வேறு வந்து சேர்ந்தது. தலைநகர் வெலிங்டனில் 2015 ஏப்ரலில் புதிய போர் நினைவுப் பூங்கா திறக்கப்பட்டது. கடல் கடந்த போருக்கு நாடே திரண்டு அஞ்சலி செலுத்திய அதே வேளையில், சொந்த மண்ணின் போர் பற்றிய மௌனம் மாணவர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

களப்பயணம்

2014-ல், போரின் 150-ஆம் ஆண்டு நினைவையொட்டி, மாணவர்கள் ரங்கியாவொஃபியாவுக்கும் ஓராக்காவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பள்ளியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். ரங்கியாவொஃபியாவில் இன்று பார்க்க அதிகம் இல்லை. 1850-களில் கட்டிய ஒரு மரத் தேவாலயம் கூர்கோபுரத்துடன் நிற்கிறது. சுற்றிலும் பால்மாடுகள் மேயும் புல்வெளி. ஓராக்காவில் கோட்டை இருந்த இடத்தின் ஊடாகவே சாலை போகிறது. ஓரத்தில் ஒரு நினைவுக்கல். தெரியாதவர் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுவார். அந்தப் பயணத்தில் சொல்லித் தந்தவர்கள் மாவோரிப் பெரியவர்கள். தங்கள் பாட்டன் பாட்டி வழியாகக் கேட்டதை அந்த இடத்திலேயே நின்று சொன்னார்கள்.

இளையோர் எழுப்பும் கோரிக்கைகளில் பல இந்தக் கட்டத்திலேயே கரைந்துவிடும். பயணம் முடிந்ததும் ஒரு கட்டுரைப் போட்டி, ஒரு சுவரொட்டி, அதோடு சரி. இங்கே அப்படி ஆகாததற்கு ஒரு காரணம், மாணவர்கள் கேட்ட கேள்வி நிர்வாகத்தைப் பற்றியதாக இருந்தது. 'இவ்வளவு கொடுமை நடந்திருக்கிறதே' என்பதோடு நிற்காமல், 'இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது' என்று போனார்கள்.

ஏன் மனு என்ற முடிவு

அந்நாட்டில் வாக்குரிமை வயது 18. மேல் வகுப்பு மாணவர்களிலேயே பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்து அதோடு முடியும். ஊர்வலம் போகலாம், ஒருநாள் செய்தியாகும். நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்க வயது வரம்பு கிடையாது, குறைந்தபட்சக் கையெழுத்து எண்ணிக்கையும் கிடையாது. ஒரே ஒருவர் கையெழுத்திட்டாலும் மனு மனுதான். விதிப்படி தாக்கலானால் அது ஒரு நாடாளுமன்றக் குழுவின் மேசைக்குப் போயே தீரும். வாக்கில்லாதவர்கள் சட்டமியற்றுவோரின் அலுவல் பட்டியலில் இடம்பிடிக்க இதைவிட உறுதியான வழி அங்கே இல்லை.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மனு அவையிடம் ஏதாவது ஒரு செயலைக் கேட்க வேண்டும். வருத்தம் தெரிவித்தால் மட்டும் போதாது. நடை மரியாதையாக இருக்க வேண்டும். கோரிக்கையின் வாசகம் ஒவ்வொரு கையெழுத்துத் தாளிலும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி அற்பமாகத் தெரியும். அனுபவமில்லாத குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் தாளில் மட்டும் கோரிக்கையை அச்சிட்டு, மற்றவற்றை வெறும் கோடு போட்ட தாளாகக் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்திட்டவர் எதற்கு ஒப்புதல் தந்தார் என்று அந்தத் தாளை வைத்து நிரூபிக்க முடியாது. வாசகத்தை நடுவில் மாற்றினாலும் இதே சிக்கல்: பழைய தாள்களில் திரட்டியது புதிய கோரிக்கைக்குச் சேராது. எனவே கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன்பே வாசகத்தை இறுதி செய்துவிட வேண்டும். அதற்குச் செலவாகும் வாரங்கள் வீணல்ல.

மனுவை எம்.பி. ஒருவர்தான் அவையில் தாக்கல் செய்ய முடியும். தாக்கல் செய்வதாலேயே அவர் அதை ஆதரிக்கிறார் என்று பொருளாகாது. இதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டால் எந்தக் கட்சி எம்.பி.யும் தயங்க வேண்டியதில்லை.

மனுவின் சாரம் மூன்று. போர்கள் பற்றியும் அவை அந்தந்த ஊரின் வரலாற்றோடு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது பற்றியும் விழிப்புணர்வை உருவாக்க வேண்டும். பள்ளிகளின் உள்ளூர்ப் பாடத்தில் அவற்றைச் சேர்க்க வேண்டும். சட்டப்படியான ஒரு நினைவு நாள் அறிவிக்க வேண்டும். 12,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு 2015 டிசம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்த காலம் நன்றாக அமைந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஆயுள் மூன்றே ஆண்டு. முந்தைய தேர்தல் 2014-லும் அடுத்தது 2017-லும். நடுவில் கொடுத்த மனுவுக்குக் குழுவின் கவனமும் கிடைத்தது, அரசு செயல்படக் கால அவகாசமும் இருந்தது. கோடை விடுமுறை முடிந்து குழு கூடும்போது மே மாத பட்ஜெட்டுக்கும் சில மாதங்கள் மீதம் இருந்தன. தேர்தல் நெருங்கிய பிறகு கொடுத்திருந்தால் அவை கலையும் பரபரப்பில் மனு அடியில் போயிருக்கும்.

குழு விசாரணையும் அமைச்சகத்தின் மறுப்பும்

மனு மாவோரி விவகாரக் குழுவுக்குப் போனது. இப்படிப்பட்ட குழு வழக்கமாக முதலில் மனுதாரரிடம் எழுத்து வடிவில் வாதத்தைக் கேட்கும். பிறகு தொடர்புடைய துறையிடம் பதில் கேட்கும். தேவையானால் இரு தரப்பையும் நேரில் அழைக்கும். குழு பரிந்துரை செய்தால் அரசு 60 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கல்வி அமைச்சகத்தின் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். போர்கள் முக்கியமானவை அல்ல என்று அமைச்சகம் சொல்லவில்லை. கற்பிக்க விரும்பும் பள்ளி இப்போதே கற்பிக்கலாம் என்றது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பொருளைக் கட்டாயமாக்குவது, பள்ளிகளுக்குத் தன்னுரிமை தரும் பாடத்திட்டத்தின் அடிப்படைக்கே முரண் என்று மறுத்தது.

இந்தப் பதிலுக்கு நெஞ்சை உருக்கும் சாட்சியம் மறுமொழி ஆகாது. ரங்கியாவொஃபியாவில் என்ன நடந்தது என்று எவ்வளவு வலுவாகச் சொன்னாலும் அமைச்சகம் மறுக்கப் போவதில்லை. அதன் ஆட்சேபம் வேறோர் இடத்தில் நிற்கிறது. 'நீங்கள் தந்த உரிமையைப் பள்ளிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன? உரிமை இருந்தும் பெரும்பாலான பள்ளிகள் தொடவில்லை என்றால், அந்த உரிமை மாணவருக்குப் பயன்படுகிறதா?' என்று அமைச்சகத்தின் வாதத்துக்குள்ளேயே போய்க் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எண்ணிக்கை வேண்டும். எத்தனை பள்ளிகள் கற்பிக்கின்றன, எத்தனை ஆசிரியர் பயிற்சிகள் நடந்தன, எவ்வளவு செலவானது என்பதை நியூசிலாந்தில் 1982-ஆம் ஆண்டின் அரசுத் தகவல் சட்டப்படி கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். தங்களிடம் அந்தக் கணக்கே இல்லை என்று பதில் வந்தாலும், குழுவின் முன் வைக்க அதுவே வலுவான சான்று.

நினைவு நாள்: எளிதாகத் திறந்த கதவு

2016 பட்ஜெட்டில், போர்களை நினைவுகூர ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. 2016 ஆகஸ்ட் 19 அன்று, ரங்கிரிரிப் போர்க்களத்தை வைக்காட்டோ மக்களிடம் திருப்பி ஒப்படைத்த நிகழ்ச்சியில், துணைப் பிரதமர் பில் இங்கிலிஷ் தேசிய நினைவு நாளை அறிவித்தார்.

இது ஏன் விரைவாக நடந்தது? அமைச்சரவையே முடிவெடுக்கலாம், ஆசிரியர் பயிற்சி வேண்டாம், எந்தப் பள்ளியின் உரிமையும் தொடப்படவில்லை. பொது விடுமுறையும் அல்ல என்பதால் முதலாளிகளுக்குச் செலவில்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் கேட்டது சட்டப்படியான நாள். கிடைத்தது அரசு அங்கீகரித்த நாள். 2022-ல் மாதாரிகி என்ற மாவோரிப் புத்தாண்டு தனிச் சட்டத்தின் மூலம் பொது விடுமுறையானது. அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்: மாதாரிகியை நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்ற வேண்டும்.

எந்தத் தேதி என்பது தனிச் சிக்கல். போர்கள் பல வட்டாரங்களில் பல ஆண்டுகளில் நடந்தவை. ஒவ்வொரு குலத்தாருக்கும் அவரவர் துக்க நாள் உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றவரின் இழப்பைப் பின்னுக்குத் தள்ளியதாகிவிடும். மாவோரித் தலைவர்கள் தேர்ந்தது அக்டோபர் 28. 1835-ல் அந்த நாளில்தான் வடபகுதித் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். எந்தப் போரின் நாளும் அல்ல என்பதே அதன் வசதி. தேதியை அரசும் மாணவர்களும் முடிவு செய்யாமல், இழப்பைச் சந்தித்தவர்களின் தலைவர்களிடம் விட்டது சரியான முடிவு என்றே கருதுகிறோம். முதன்மை நிகழ்ச்சியும் ஒரே ஊரில் தங்கிவிடவில்லை: 2018-ல் வடக்கே கோரொராரேகாவில், 2019-ல் மேற்கே தாரனாக்கியில் என வட்டாரம் மாறி மாறி நடந்தது.

பாடம்: மெதுவாகத் திறந்த கதவு

நினைவு நாள் கிடைத்ததும் செய்தி நிறுவனங்கள் வெற்றி என்று எழுதின. கோரிக்கைக்கு இது ஆபத்தான கட்டம். பாதி கிடைத்தவுடன் பொதுமக்கள் மனத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது; மீதிப் பாதியைக் கேட்பவர் திருப்தியே இல்லாதவராகத் தெரிகிறார். மாணவர்களோ பள்ளியை விட்டு வெளியேறும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் வரலாற்று ஆசிரியர் சங்கத்தார் முக்கியமானவர்கள். நியூசிலாந்தின் காலனிய வரலாற்றைக் கட்டாயமாக்கக் கேட்டு அவர்களும் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். பள்ளிகளின் தன்னுரிமை என்ற வாதத்தை ஆசிரியர்களே விட்டுக்கொடுக்க முன்வந்தபோது அமைச்சகத்தின் பழைய பதில் வலுவிழந்தது. யாருடைய உரிமையைக் காப்பதாகச் சொன்னார்களோ, அவர்களே 'எங்களைக் கட்டாயப்படுத்துங்கள்' என்று கேட்கிறார்கள் அல்லவா? இடையில் 2017-ல் ஆட்சியும் மாறியிருந்தது. 2019 ஜூலையில், 1863-ல் பறிமுதலான இஹுமாத்தாவ் நிலத்தில் வீடுகள் கட்டுவதை எதிர்த்து இளையோர் முன்னின்று நடத்திய போராட்டம் நாட்டின் பார்வையை ஈர்த்தது. பறிமுதல் என்றால் என்னவென்றே படிக்காத ஒரு தலைமுறை அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளத் தடுமாறியது. நடைமுறைத் தேவை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது.

2019 செப்டம்பர் 12 அன்று, நியூசிலாந்து வரலாறு எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படும் என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அறிவித்தார். இலக்கு 2022. வரைவுப் பாடத்திட்டம் 2021 தொடக்கத்தில் பொதுக் கருத்துக்கு வந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் திணறியதால் ஓராண்டு தள்ளிப் போனது. 2022 மார்ச்சில் இறுதி வடிவம் வெளியானது. 2023 முதல் 1 முதல் 10 வரையான வகுப்புகளுக்குக் கட்டாயமானது. களப்பயணத்தின்போது 16 வயதாக இருந்த ஒருவருக்கு அப்போது 25 வயது.

2023 இறுதியில் மறுபடி ஆட்சி மாறியது. பாடத்திட்டம் முழுவதும் மீண்டும் திருத்தத்துக்கு எடுக்கப்பட்டது.

மறுபடி செய்வதானால்

மூன்று கோரிக்கைகளையும் ஒரே மனுவில் கொடுத்ததை முழுத் தவறென்று சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று வலு சேர்த்தன. ஆனால் குழுவின் முன் பேசும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, இதைச் செய்யும் அதிகாரம் யாருக்கு, என்ன ஆவணம் மாற வேண்டும், எவ்வளவு செலவு, யார் எதிர்ப்பார் என்று நான்கு கேள்விகளுக்கும் ஒரு பக்கத்துக்குள் பதில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நினைவு நாளுக்கு அந்தப் பக்கம் எளிதில் நிரம்பியிருக்கும். பாடத்துக்கு எழுத உட்கார்ந்திருந்தால், பள்ளி நிர்வாகக் குழுக்களும் ஆசிரியர் சங்கமும் ஒப்பாமல் நகராது என்பது 2015-லேயே தெரிந்திருக்கும். ஆசிரியர் சங்கத்தைப் பின்னால் வந்த துணையாக இல்லாமல் முதல் கையெழுத்தாகவே கேட்டிருக்கலாம்.

கட்டாயம் என்பதற்கு முன் ஒரு படியும் கேட்டிருக்கலாம்: பாடநூல், வட்டார வரைபடம், போர்க்களத்துக்கு அழைத்துப் போகப் பேருந்துச் செலவு, கதை சொல்லும் பெரியவர்களுக்கு மதிப்பூதியம். தன்னுரிமை வாதத்தால் இவற்றை மறுக்க முடியாது. இவை ஐந்தாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தால், 2023-ல் கட்டாயம் வந்தபோது ஆசிரியர்கள் வெறுங்கையோடு நின்றிருக்க மாட்டார்கள்.

கோரிக்கையைத் தாங்கி நடப்பவர்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைக்க வேண்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மனுவின் நகல், தாக்கல் தேதி, குழுவுக்கு அனுப்பிய கடிதங்கள், வந்த பதில்கள், பேசிய எம்.பி.க்களின் அலுவலகத் தொடர்பு, அரசு பதில் தர வேண்டிய கெடு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து ஒவ்வோர் ஆண்டும் கீழ் வகுப்பு மாணவர் இருவரிடமும் ஓர் ஆசிரியரிடமும் ஒப்படைத்தால் போதும். சட்டத்தில் ஏறாத வெற்றிக்கு இந்தக் கோப்பு இன்னும் அவசியம். நிதி ஒதுக்கீடு நான்கு ஆண்டில் முடிகிறது, பாடத்திட்டம் ஆட்சி மாறும்போதெல்லாம் திருத்தத்துக்கு வருகிறது. அடுத்த வரைவு பொதுக் கருத்துக்கு வரும் வாரத்திலேயே, முந்தைய வரைவில் இருந்து எந்த வரி போயிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுத ஆள் இருக்க வேண்டும்.